கீழக்கரைக்குக் குடிவருகிறவர்களுக்கு: எதற்கு யாரிடம் போவது

இராமநாதபுரத்தில் பேருந்து ஏறித் தெற்கே வந்தால், திருப்புல்லாணியைத் தாண்டியதும் பனைகளும் சீமைக் கருவேலமும் சற்று விலகி, உப்புக்காற்று முகத்தில் படத் தொடங்கும். அங்கே இருக்கிறது கீழக்கரை. இவ்வூருக்கு ரயில் கிடையாது; தூத்துக்குடி வரை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் வழி. வங்கி, பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, வட்டாட்சியர் அலுவலகம் என்று ஏதாவது ஒரு வேலையை முன்னிட்டு ஆண்டுதோறும் வெளியூர்க் குடும்பங்கள் இங்கே வந்து இறங்குகின்றன. காவிரிக் கரையில், கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த நானும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆசிரியை வேலைக்காக அப்படி வந்தவள்தான்.

இவ்வூரின் பழம்பெருமையை எடுத்துச் சொல்வதற்கு ஆள் நிறைய உண்டு. இங்கே அன்றாடக் காரியம் எப்படி நடக்கிறது என்பதைத்தான் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. கடற்கரை ஊர்களில் ஒவ்வொரு காரியத்துக்கும் பொறுப்பான ஒரு வீடோ, ஒரு தெருவோ, ஒரு பள்ளிவாசலோ, ஒரு பெரியவரோ இருப்பார். அந்தப் பொறுப்பு பெரும்பாலும் பாட்டன் பூட்டன் காலத்தில் வந்தது. அது யாருடையது என்று கேட்டறிந்து போனால் அரை மணியில் முடியும் காரியம், அறியாமல் போனால் அரை மாதமானாலும் முடியாது. கீழே உள்ள ஒழுங்கு, நான் தடுமாறிக் கற்றுக்கொண்ட வரிசைப்படி அமைந்தது.

முதலில் வீடு

வாடகை வீடு தேடும்போது தெருவின் பெயரைக் கேட்டுக்கொண்டு தேடுங்கள். நடுத்தெரு, மேலத்தெரு, வடக்குத்தெரு, தெற்குத்தெரு என்பவை இங்கே திசையைக் காட்டும் சொற்களாக மட்டும் நில்லாமல், அந்தந்தத் தெருவின் பள்ளிவாசல், அதைச் சார்ந்த ஜமாஅத் என்ற சபை, உறவு வளையம் எல்லாவற்றையும் சேர்த்தே குறிக்கின்றன. நீங்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்களோ, அந்தத் தெருக்காரர்களே உங்களுக்கு நல்லது கெட்டதில் முதலில் வந்து நிற்பார்கள்.

வீட்டின் உரிமையாளர் பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருப்பார். இவ்வூர் முஸ்லிம் குடும்பங்களில் மகளுக்கு வீடு கொடுப்பதும், திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து தங்குவதும் பழைய வழக்கம். கணவன்மார் கப்பலிலும், இலங்கையிலும், மலாயாவிலும், பிற்காலத்தில் வளைகுடா நாடுகளிலும் இருந்து பொருள் ஈட்ட, வீட்டையும் பிள்ளைகளையும் பெண்கள் தம் தாய், சகோதரிகளின் அண்மையிலேயே இருந்து நடத்திய ஊர் இது. இது தெரியாமல், துபாயில் இருந்த வீட்டுக்காரரிடம் ஒரு மாதம் தொலைபேசியில் வாடகை பேசினோம் நானும் என் கணவரும். அவர் ஒவ்வொரு முறையும் மிகுந்த மரியாதையோடு "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அது தட்டிக்கழிக்கும் பேச்சு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். உண்மையில் வீடு அவருடைய மனைவி பெயரில் இருந்தது. நான் நேரில் போய் அந்த அம்மையாரிடம் பேசியபோது ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. ஆகவே பெண்கள் பெண்களிடம் போய்ப் பேசுவது நல்லது. ஆண்கள் தனியாகப் போவதானால் அந்த அம்மையாரின் தந்தையையோ சகோதரரையோ முன்வைத்துப் பேசலாம். வாசலில் நின்று குரல் கொடுத்து, உள்ளிருந்து பதில் வந்த பிறகே படியேற வேண்டும். வீடுகளுக்கு இடையே உள்ள குறுகிய சந்துகளில் பெண்கள் வீட்டுக்கு வீடு போய் வருவார்கள். வெளியாட்கள், சிறப்பாக ஆண்கள், குறுக்கு வழி என்று அவற்றில் நுழையாமல் இருப்பது நலம்.

தண்ணீர்

வீட்டைப் பார்க்கும்போதே தரைத்தொட்டி எத்தனை குடம் கொள்ளும் என்று கேளுங்கள். கடலோரத்து நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கும். அது துணி துவைக்கவும் புழங்கவும் ஆகுமே தவிரக் குடிக்க ஆகாது. குடிநீர் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாயில் வருகிறது, ஆனால் தினமும் வருவதில்லை. பிறந்த ஊரில் வாசலுக்கு எதிரே ஓடிய ஆறு இங்கே குழாயில் முறை வைத்து என்னைத் தேடி வருவதை எண்ணி முதல் ஆண்டில் நான் சிரித்ததும் உண்டு, கலங்கியதும் உண்டு. தண்ணீர் திறந்துவிடுகிறவர் யார், உங்கள் தெருவுக்கு எந்த நாள், எந்த நேரம் என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்டுக் குறித்து வையுங்கள். முறை தவறினால் வண்டித் தண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்க நேரும்.

இம்மாவட்டம் ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்மாய்களிலும் ஊருணிகளிலும் தேக்கி ஆண்டு முழுவதும் உயிர் வாழ்ந்த சீமை. சுற்றுக் கிராமங்களுக்குப் போனால் ஊருணியில் கால் கழுவவோ பாத்திரம் துலக்கவோ இறங்காதீர்கள். குடிநீருக்கென்று ஒதுக்கிய ஊருணி எது, குளிக்கிற குளம் எது என்பது ஊராருக்குத் தெரியும். புதிதாக வந்தவர் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அழைக்கும் முறை

வெளியூர்களில் பழகிவிட்ட "பாய்" என்ற சொல்லை வந்த அன்றே மறந்துவிடுங்கள். இங்கே மூத்த ஆண்களைக் "காக்கா" என்றும், மூத்த பெண்களை "லாத்தா" என்றும், தாய் வயதினரை "மாமி" என்றும் அழைப்பார்கள். பிள்ளைகள் தாயை "உம்மா" என்றும் தந்தையை "வாப்பா" என்றும் அழைக்கும். "அப்பா" என்றால் பாட்டனார். பள்ளியில் சேர்ந்த முதல் மாதம், வீட்டுப்பாடம் எழுதாத ஒரு சிறுவனிடம் "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட, மறுநாள் எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் கைத்தடி ஊன்றி மாடிப்படி ஏறி வந்து என் முன்னே நின்றார். அவரை உட்காரவைத்து மன்னிப்புக் கேட்டது போக மீதிப் பொழுதெல்லாம் அவர் கொழும்பில் கடை வைத்திருந்த கதையைக் கேட்டேன். அதனால் நட்டம் ஒன்றுமில்லை. என்றாலும் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

காலையில் தெருவில் எதிர்ப்படுகிறவர் "பசியாறியாச்சா?" என்று கேட்பார். காலை உணவு முடிந்ததா என்பதே அதன் பொருள். முடிந்தது என்றோ, இனிமேல்தான் என்றோ சொன்னால் போதும். இனிமேல்தான் என்று சொன்னால் விடமாட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜமாஅத்தும் ஊர்ப் பெரியவர்களும்

பள்ளிவாசலைச் சார்ந்த ஜமாஅத் என்பது தொழுகை ஏற்பாட்டோடு நிற்பதன்று. நிக்காஹ் என்னும் திருமணப் பதிவேடு, மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, அடக்கும் ஏற்பாடு, ஏழைக் குடும்பங்களுக்கான உதவி, குடும்பத் தகராறில் சமாதானம் என்று பலவும் அதன் கீழ் வருகின்றன. வேறு மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் குடிவந்த ஓரிரு வாரங்களுக்குள் உங்கள் தெரு ஜமாஅத்தின் நிர்வாகி ஒருவரைப் பார்த்து, இன்ன வேலையாக வந்திருக்கிறோம், இன்ன வீட்டில் இருக்கிறோம் என்று சொல்லிவையுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ தொழுகை நேரத்தை ஒட்டி அவரைத் தேடிப் போகவேண்டாம். அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பின் மாலையில் பேசுவதற்கு ஓய்வாக இருப்பார். மின்தடை, தண்ணீர், குப்பை போன்ற குறைகளுக்கு நகராட்சியிடம் மனு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மனு யார் மேசையில் உறங்குகிறது என்பதைத் தெருப் பெரியவர்தான் உங்களுக்குச் சொல்வார்.

கடற்கரையை ஒட்டிய மீனவர் குடியிருப்புகளிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் இதே பொறுப்பை ஊர்த்தலைவரும் கோயில் காரியக்காரர்களும் ஏற்கிறார்கள். எந்த ஊரில் கால் வைத்தாலும் கேட்கவேண்டிய முதற்கேள்வி ஒன்றுதான்: "இங்கே பெரியவங்க யாரு?"

பழைய பள்ளிவாசலைப் பார்க்கப் போவது

இவ்வூரின் பழமையான ஜும்ஆ பள்ளிவாசல், கோயில் மண்டபம் கட்டிய கைகளே கட்டியதோ என்று எண்ணும்படி கல்தூண்களோடு நிற்கிறது. உருவங்கள் வரவேண்டிய இடங்களில் பூக்களும் கொடிகளும் கோலங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெருவணிகர் வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் பள்ளி இது. அவருடைய அடக்கத்தலமும் இவ்வூரில்தான் உள்ளது. ஷெய்கு அப்துல் காதர் என்ற இயற்பெயரே மக்கள் நாவில் சீதக்காதி ஆயிற்று. சேதுபதி மன்னரின் நெருக்கத்தைப் பெற்று "விசய ரகுநாதப் பெரியதம்பி" என்ற பட்டத்தோடு விளங்கிய அவர், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்ற பழமொழியைப் பள்ளியில் படிக்காத தமிழர் இல்லை. ஆனால் அந்தக் கதையை இவ்வூர்ப் பெரியவர் ஒருவர் வாயால் கேட்க வேண்டும்: பரிசில் நாடி வந்த புலவர், வள்ளல் மறைந்துவிட்டார் என்றறிந்து அடக்கத்தலத்தில் நின்று அழுது பாட, மோதிரம் அணிந்த கை வெளியே நீண்டதாம். சொல்கிறவர் அந்த இடத்துக்கு வந்ததும் தம் கையையும் நீட்டிக் காட்டுவார்.

சீதக்காதியின் காலத்தில் வாழ்ந்த மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பா (1632–1703) அவர்களும், பின்னர் வந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களும் இவ்வூருக்குக் கல்விப் பெயரைத் தந்தவர்கள். பின்னவர் காயல்பட்டினத்தில் பிறந்து இங்கே நிலைத்து, அரூஸிய்யா மதரஸா என்ற மார்க்கக் கல்விக்கூடத்தை நிறுவியவர். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் நூல்கள் இயற்றியவர். இப்போதும் சில வீடுகளில் பாட்டிமார் அரபுத்தமிழில் எழுதிய பழைய ஏடுகளைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். காட்டினால் பாருங்கள், கைபேசியை எடுத்துப் படம் பிடிப்பதற்கு முன் கேளுங்கள், இரவல் மட்டும் கேட்காதீர்கள்.

பள்ளிவாசலுக்குள் போக விரும்பினால் தொழுகை நேரங்களைத் தவிர்த்து, முன்னதாக நிர்வாகியிடம் சொல்லிவிட்டு, உடல் மறைய உடுத்திப் போகவேண்டும். பெண்கள் எதுவரை போகலாம் என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். எனக்கு அனுமதி கிடைத்தது இரண்டாவது ஆண்டில்தான், அதுவும் என் மாணவி ஒருத்தியின் பாட்டனார் முன்னே நடந்து வந்ததனால் கிடைத்தது. அவரும் மதில், தூண், நீர்த்தொட்டி என்று ஒவ்வொன்றாகக் காட்டி, ஒவ்வொன்றையும் எந்த வீட்டார் பழுதுபார்த்தார்கள் என்றே சொல்லிக்கொண்டு வந்தார். எந்த நூற்றாண்டு என்று நான் கேட்டதற்கு, "அதையெல்லாம் போர்டுல எழுதியிருப்பாங்க டீச்சர்" என்றார்.

நாட்காட்டி

வீட்டுச் சுவரில் பிறை மாதங்களும் தமிழ் மாதங்களும் சேர்ந்து அச்சிட்ட நாட்காட்டி ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். பிறைக் கணக்கு ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே போவதால், சென்ற ஆண்டு நினைவை வைத்து இந்த ஆண்டைக் கணக்கிட முடியாது.

ரமலான் மாதத்தில் பகலில் உணவுக்கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். வெளியில் வேலை செய்கிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோவது நல்லது. அஸருக்குப் பின் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி கொடுப்பார்கள். தூக்குச்சட்டியோடு போய் வரிசையில் நின்றால் எந்த மதம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். துல்கஅதா என்ற பிறை மாதத்தில் பக்கத்து ஏர்வாடியில் சுல்தான் செய்யிது இபுறாஹீம் ஷஹீத் பாதுஷா தர்காவின் சந்தனக்கூடு விழா நடக்கும். அந்த இரவில் சாலையில் வண்டி நகராது. கூடு செய்வதிலும் இழுப்பதிலும் பிற சமுதாயத்தாருக்கும் வழிவழி உரிமைகள் உண்டு என்பதால், உங்கள் அலுவலகத்தில் அன்று யார் யார் விடுப்பு எடுக்கிறார்கள் என்று கவனித்தாலே பல செய்திகள் விளங்கும்.

ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் வந்தால் சேதுக்கரையில் கடல் நீராடப் பெருங்கூட்டம் கூடும். அதே சாலையில் திருப்புல்லாணி ஆதிஜெகநாதப் பெருமாள் கோயிலும் இருப்பதால் பேருந்தில் இடம் கிடைப்பது அரிது. மார்கழித் திருவாதிரையில் உத்திரகோசமங்கையில் மரகத நடராசரின் சந்தனக்காப்புக் களையப்படும். ஆண்டில் அந்த ஒரு வேளைதான் மேனியைச் சந்தனப் பூச்சின்றிக் காணமுடியும் என்பதால் முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்துவிடவேண்டும். தேதி நெருங்கியபின் வண்டி பேசினால் கிடைக்காது.

கடல்

நம் கரைக்கு முன்னால் இருப்பது மன்னார் வளைகுடா. மீனவர் பேச்சில் தென்கடல். மண்டபத்துக்கு வடக்கே உள்ள பாக் நீரிணைப் பக்கம் வடகடல். தென்மேற்கிலிருந்து காற்று பலக்கும் மாதங்களில் தென்கடல் கலங்கும், வாடைக்காற்று பிடித்தால் வடகடல் கலங்கும். மீன் விலை ஏன் ஏறுகிறது என்று வியாபாரியிடம் சண்டை போடுவதற்கு முன் காற்று எந்தப் பக்கம் என்று கேட்பது முறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு கொண்டுவரும் சிறிதளவு மீன்தான் சந்தைக்கு வரும். கரையில் ஏலம் நடக்கும்போது கூட்டத்துக்குள் நுழைந்து மீனைத் தொட்டுத் தூக்கிப் பார்க்கவேண்டாம். கூடை மீன்காரப் பெண்ணிடம் இரண்டு மாதம் விடாமல் வாங்குங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து அவரே விளமீனோ பாறை மீனோ உங்களுக்கென்று எடுத்து வைப்பார்.

வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அப்பாத் தீவு, வாலைத் தீவு, முள்ளித் தீவு முதலிய ஏழும் கீழக்கரைத் தொகுதியில் அடங்கும். வனத்துறை அனுமதி இல்லாமல் அவற்றில் இறங்கக்கூடாது. "ஒரு மணி நேரம்தான், யாருக்கும் தெரியாது" என்று எவரேனும் படகுக்கு அழைத்தால் போகாதீர்கள், ஏனெனில் பிடிபட்டால் படகு போவது அவருக்குத்தான். பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை இவை உயிரோடிருந்தாலும் காய்ந்திருந்தாலும் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடுமையான குற்றம். கடல் அட்டையால் பிழைத்த குடும்பங்கள் இக்கரையில் பல. அந்தத் தடையைப் பற்றி அவர்களிடம் அறிவுரை சொல்லப் போகவேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. மாயாகுளம் பக்கத்துப் பெண்கள் முகக்கண்ணாடி அணிந்து கடலில் மூழ்கிப் பாசி எடுப்பதைக் காணலாம். அவர்கள் வேலையில் இருக்கும்போது படம் எடுப்பது, வகுப்பு நடக்கும்போது சன்னல் வழியே என்னைப் படம் எடுப்பதற்கு ஒப்பானது.

வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் ஒரு விடுமுறை நாளில் பெரியபட்டினத்துக்குப் போகலாம். சீனத்துப் பீங்கான் ஓடுகள் அகழாய்வில் கிடைத்த இடைக்காலத் துறைமுகம் அது. வைகை கடலில் கலக்குமிடத்துக்கு அருகில் உள்ள அழகன்குளத்தில் உரோமானிய நாணயங்களும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. இரண்டு இடங்களிலும் இன்று கண்ணுக்குத் தெரிவது வயலும் வீடும் மணலும்தான். தரையில் கிடக்கும் ஓட்டுத் துண்டை நினைவுப்பொருளாக எடுத்துவராமல் அங்கேயே விட்டுவிடுங்கள்.

சாவு வீடு, கல்யாண வீடு

கல்யாணத்துக்கு அழைத்தால் போகலாம், அழைக்காவிட்டால் வேண்டாம். சாவுக்கு அழைப்பு வராது, நாமாகப் போகவேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மவுத்து என்னும் இறப்பு அறிவிப்பில் இன்னாருடைய மகன், இன்ன தெரு, இத்தனை மணிக்கு நல்லடக்கம் என்று சொல்வார்கள். அதைக் காதில் வாங்கும் பழக்கத்தை முதல் வாரமே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அடக்கம் பெரும்பாலும் அன்றே முடிந்துவிடும். மாலை வாங்கிப்போகும் வழக்கம் இல்லை. பெண்கள் உள்ளே பெண்களோடு சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வரலாம். ஆண்கள் வாசலில் நிற்பவர்களோடு நின்று மையவாடி என்ற அடக்கத்தலம் வரை நடக்கலாம். அந்த வீட்டுக்கு உறவினரும் அக்கம்பக்கத்தாரும் உணவு அனுப்புவார்கள். நீங்களும் அனுப்ப விரும்பினால் அன்றைக்கு யாருடைய முறை என்று கேட்டு, அதற்கடுத்த வேளையை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுக் கிராமங்களில் இந்து வீடுகளில் துட்டி, அதாவது துக்கம், கேட்கப் போனால், கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமல் எழுந்து வந்துவிடவேண்டும்.

கல்யாண விருந்தில் சஹனில் சாப்பாடு வரும். அகன்ற தட்டு ஒன்றைச் சுற்றி மூன்று நான்கு பேர் அமர்ந்து, அவரவர் முன்பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவது வழக்கம். இறைச்சி உண்ணாதவர்கள் அழைக்க வரும்போதே அதைச் சொல்லிவிட்டால் தனியாக ஏற்பாடு செய்வார்கள். பந்தியில் உட்கார்ந்தபிறகு சொன்னால் சமையற்காரர் முதல் மணமகளின் வாப்பா வரை அத்தனை பேரும் பதறி ஓடுவதைக் காண்பீர்கள். நான் கண்டேன்.

வந்த பாத்திரம்

பெருநாளிலோ, நபிகளைப் புகழ்ந்து மவ்லூது ஓதிய நாளிலோ உங்கள் வீட்டுக்கு வட்டிலப்பமோ தொதலோ நிறைந்த பாத்திரம் ஒன்று வரும். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மாவும் சேர்த்துப் பெரிய உருளியில் மணிக்கணக்காகக் கிளறி எடுக்கும் தொதல் கீழக்கரையின் அடையாளப் பலகாரம். அதன் உறவினர்கள் இலங்கையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். பாத்திரத்தைக் கழுவி வெறுமையாகத் திருப்பி அனுப்பாதீர்கள். பொங்கலோ அதிரசமோ செய்யும் நாள் வரை வைத்திருந்து கொடுத்தால் யாரும் தவறாக நினைப்பதில்லை. என் அலமாரியில் இப்போதும் மேலத்தெரு மாமி ஒருவருடைய எவர்சில்வர் தூக்கு இருக்கிறது. மூன்று முறை நிறைத்துத் திருப்பிக் கொடுத்தேன், நான்காவது முறையும் நிறைந்தே வந்திருக்கிறது.

ஊருக்குப் போகும்போது கொண்டுபோகத் தொதல் வாங்குவதானால், அன்று காலை கிளறியதா என்று கேட்டு வாங்குங்கள். எண்ணெய் பிரிந்து மேலே மினுமினுத்து நிற்பது நல்ல பதம். கும்பகோணம் வரை பேருந்தில் போனாலும் கெடாது. வெயிலில் மட்டும் வைக்கவேண்டாம்.